பாயில் வைத்த கோப்பை

பாலைவன ஓரத்திலிருக்கும் பிதிய்யா ஊரின் கடைசி பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் மணல்தான். ஹமூத் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, டயர்களில் காற்றைப் பிடுங்கத் தொடங்கினான்.

"வேணும்னேவா காத்தை விடுறீங்க?" முன் சீட்டிலிருந்து இறங்கி வந்த யென்ஸ் கேட்டார். அறுபது வயது இருக்கும். டென்மார்க்கிலிருந்து மனைவியோடு வந்திருந்தார்.

"காத்து குறைஞ்சா டயர் மணல்ல அகலமா உட்காரும். ஒட்டகத்தோட பாதம் மாதிரி."

தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். தினமும் அவன் இதையேதான் சொல்வான்.

"அப்படியே எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் இறக்கிவிடுங்களேன்" என்று உள்ளேயிருந்து ப்ரிட்டா குரல் கொடுத்தாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து ரொம்ப விறைப்பா இருக்கார்."

ஹமூத் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்தான். மூன்று மாதமாக அப்படித்தான்.

போன் அடித்தது. சுற்றுலா முகாமை நடத்தும் அவனுடைய சித்தப்பா மகன் நாசர்.

"டேய், வழக்கமா காபிக்குப் போற உம்மு சைஃப் வீட்டுல இன்னிக்கு ஆள் இல்லையாம். மணல் சறுக்கு முடிஞ்சதும் இவங்களைக் காபிக்கு மர்ஹூன் மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"வேற வீடு பாரு."

"வேற வீடு எங்கடா இருக்கு? நான் மாமாகிட்ட சொல்லியாச்சு." நாசர் கொஞ்சம் தயங்கினான். "உன்கிட்ட யாரும் சொன்னாங்களான்னு தெரியல. ரய்யாவுக்கு சோஹார்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான். அவ போயிட்டா அப்புறம் நீ யாரைப் போய்க் கூப்பிடுவே?"

ஹமூத் "சரி" என்று சொல்லிப் போனை வைத்தான். எதற்குச் சரி சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ரய்யா அவன் மனைவி, மர்ஹூனின் மகள். தூரத்து உறவு, ஒரே கிணற்றடியில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவமானவள் நாற்பது நாள் தகப்பன் வீட்டில் இருப்பாள். நாற்பதாம் நாள் கணவன் வந்து அழைத்துப்போவான். அதுதான் இங்கே வழக்கம். குழந்தை பதினொரு நாள்தான் இருந்தது. மூன்று நாள் துக்கத்துக்கு உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் ஹமூத் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். நாற்பதாம் நாள் வந்தது. அவன் போகவில்லை. நாற்பத்தொன்றாம் நாளும் போகவில்லை. அப்புறம் போவது கஷ்டமாகிவிட்டது. தங்கையை அனுப்பிப் பார்த்தான். போனில் இரண்டு வரி எழுதினான். கணவன் தானே வந்து வாய் திறந்து கேட்காமல் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். அது அவனுக்குத் தெரியாததில்லை. வருத்தமா, கோபமா, வெட்கமா என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறான். உள்ளே எதுவும் பதில் சொல்லவில்லை.

வண்டி மணலில் ஏறியது. முதல் மேடு, இரண்டாவது மேடு. முகட்டில் வானம் மட்டும் தெரியும். அடுத்த நொடி மூக்கு கீழே சாயும். ப்ரிட்டா ஒவ்வொரு முறையும் கத்தினாள். யென்ஸ் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமே இல்லை" என்றார்.

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லு" என்றாள் அவள்.

மூன்றாவது மேட்டில் வண்டி பாதியில் நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. ஹமூத் இறங்கிப் பார்த்தான். இடதுபக்கப் பின் டயர் கல் மாதிரி இருந்தது. அதில் மட்டும் காற்றை இறக்க மறந்திருந்தான். போன் வந்ததால் மூன்றோடு நின்றுபோயிருக்கிறது. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை. பதினைந்து வயதுப் பையன்கூடச் செய்யமாட்டான்.

அதிலும் காற்றை இறக்கிவிட்டுக் கையாலேயே மணலைத் தோண்டினான். யென்ஸும் பக்கத்தில் மண்டியிட்டுத் தோண்டினார். "இதுவும் டிக்கெட்லயே சேர்ந்ததா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "ஆமா" என்றான் ஹமூத்.

வண்டி வெளியே வந்ததும் சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு அவர்கள் பெரிய மேட்டின் உச்சிக்கு ஏறினார்கள். ப்ரிட்டா முதலில் உட்கார்ந்து சறுக்கினாள். அடிவாரத்தில் பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். தலைமுடியெல்லாம் மணலோடு எழுந்து, "இன்னொரு தடவை!" என்றாள். ஹமூத் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று வழக்கமான கோணத்தில் படம் பிடித்தான். நான்கு தடவை ஏறி இறங்கினார்கள். நான்கு தடவையும் பிடித்தான்.

உச்சியிலிருந்து உம்மு சைஃபின் வீடு தெரிந்தது. வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன, அடுப்படியில் புகை. ஆள் இல்லை என்று சொன்னது நாசர் கட்டிவிட்ட கதை. ஹமூத் கொஞ்ச நேரம் அந்தப் புகையையே பார்த்தான். அங்கே போயிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. வண்டியைக் கிளப்பினான். கை தானாக மர்ஹூன் மாமா வீட்டுப் பக்கம் திருப்பியது.

மர்ஹூன் வாசலிலேயே நின்றிருந்தார். வெளுத்த அங்கி, இடுப்பில் கத்தி. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எல்லாம் முறையாக உடுத்தியிருந்தார். வெள்ளைக்காரர்களைக் கை கொடுத்து வரவேற்றுவிட்டு மருமகனிடம் திரும்பினார்.

"வா. வழி மறந்துடுச்சோன்னு நினைச்சேன்."

"இல்ல மாமா."

"டயரு மறந்துச்சாமே. நாசர் சொன்னான்."

"அவனுக்கு எப்படி..."

"மேட்டுல சிக்கி நிக்கிற வண்டியை ஊரே பார்க்கும்டா, டயரையும் சேர்த்து. போ, உட்காரு."

ஈச்ச ஓலைப் பந்தலுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. பின்னால் ஒரு திரை. அதற்கு அப்பால் வீடு. திரைக்குப் பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அந்தத் தட்டை அப்படி 'டொக்'கென்று வைக்கிறவள் ஒருத்திதான். ஹமூத் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தான்.

முதலில் பேரீச்சம்பழம் வந்தது. அப்புறம் மர்ஹூன் நின்றபடியே இடது கையில் கூஜாவைப் பிடித்து, வலது கையால் ஒவ்வொருவருக்கும் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் காபி கொடுத்தார். யென்ஸ் ஒரே மடக்கில் குடித்தார். மறுபடி ஊற்றப்பட்டது. மறுபடி குடித்தார். மூன்றாவது முறை ஹமூத் சொன்னான்: "போதும்னா கோப்பையை லேசா ஆட்டுங்க. இல்லேன்னா காலை வரைக்கும் ஊத்துவார்."

ப்ரிட்டா மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைப் பாயில் வைத்துவிட்டாள்.

மர்ஹூனின் கை அப்படியே நின்றது. முகம் மாறியது. கூஜாவைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஹமூத், இந்த அம்மாவுக்கு என்ன வேணும்னு கேளு. என்னால முடிஞ்சதுன்னா செய்யறேன்."

ஹமூத் ப்ரிட்டாவிடம் விளக்கினான். இங்கே விருந்தாளி காபியைத் தொடாமல் கீழே வைத்தால், அவர் ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் 'தர்றேன், குடி' என்று சொல்கிற வரைக்கும் குடிக்கமாட்டார்.

"ஐயையோ! எனக்குக் காபி குடிச்சா நெஞ்செரியும். அதான் வெச்சேன்" என்றாள் ப்ரிட்டா.

"ஒட்டகம் கேளு" என்றார் யென்ஸ்.

"வீட்டுல ஒண்ணு இருக்கே, போதாதா?"

ஹமூத் சொன்னதைக் கேட்டு மர்ஹூன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் ஹமூத்தின் முன்னால் பாயைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அவன் கோப்பையும் பாயில்தான் இருந்தது. நிறைந்தபடி.

"இவங்களுக்குத் தெரியாது" என்றார் மர்ஹூன் மெதுவாக. "உனக்குமா தெரியாது?"

ஹமூத் கோப்பையைப் பார்த்தான். எப்போது வாங்கினான், எப்போது கீழே வைத்தான் என்று நினைவில்லை. தட்டுச் சத்தம் கேட்டபோது வைத்திருக்கலாம். டயரை மறந்தது போல இதையும் மறந்திருக்கிறான். 'ஞாபகமில்லாம வெச்சுட்டேன் மாமா' என்று சொல்லி எடுத்துக் குடித்தால் முடிந்தது. இருட்டுவதற்குள் இவர்களை முகாமில் விடலாம். நாளைக்குக் காலையில் அவள் அண்ணன் வருவான்.

கை கோப்பை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"கேட்கத்தான் வந்தேன்" என்றான்.

"என்ன கேட்க?"

"ரய்யாவை."

திரைக்குப் பின்னால் தட்டுச் சத்தம் நின்றது. மர்ஹூன் தாடியைத் தடவினார். வழக்கப்படி அவர் 'குடி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நாற்பதாம் நாளு கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். இப்ப இது என்கிட்ட இல்ல."

எழுந்து, அந்தக் கோப்பையை ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். தனியாகத் திரும்பி வந்தார்.

"என்ன பேசிக்கிறாங்க?" என்று யென்ஸ் கிசுகிசுத்தார்.

"பேசாம பழத்தைச் சாப்பிடு" என்றாள் ப்ரிட்டா. "குடும்ப விஷயம். இதுக்கு பாஷை தெரியணுமா?"

ரய்யா வந்தாள். மெலிந்திருந்தாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எதிரில் நின்றாள்.

"நாலாம் நாளு ஏன் வேலைக்குப் போனே?"

அவன் யோசித்தான். யோசித்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, இருந்ததைச் சொன்னான். "வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. வண்டியில இன்ஜின் சத்தமாவது இருந்துச்சு."

"நான் எங்க இருந்தேன்? இங்கயும் சத்தம் இல்ல. எங்கப்பா பேசமாட்டார். அம்மாவும் இல்ல. என்னையும் வண்டியில ஏத்திட்டுப் போயிருக்கலாம்ல?"

"தோணல."

"தோணல!" அவள் தகப்பனைப் பார்த்தாள். "கேட்டுக்கோங்க. ஒட்டகம்கூட வழி தப்பினா கத்தும். இவன் மூணு மாசமா வாயே திறக்கல."

"எனக்கு அழுகையே வரல ரய்யா. உன் முன்னாடி வந்து அழாம நின்னா நீ என்ன நினைப்பேன்னு..." அவன் முடிக்கவில்லை.

அவள் கோப்பையை மறு கைக்கு மாற்றினாள். "எனக்கும் பாதி நாள் வரல" என்றாள் பிறகு. "சோறு பொங்குறேன், துணி துவைக்கிறேன். மரக்கட்டை மாதிரி இருக்கேன். அதுக்காகத்தான் வேலைக்கு எழுதிப் போட்டேன். அதை விடமாட்டேன்."

"விட வேணாம்."

"ஜூன் வரைக்கும் சோஹார்லதான் இருப்பேன். ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் நீ அங்க இருக்கணும்."

"வெள்ளிக்கிழமை லீவு நாளு, அன்னிக்குத்தான் ஆளு ஜாஸ்தி வரும். நாசர் கத்துவான்."

"கத்தட்டும். அதனாலதான் கேக்குறேன்."

வெள்ளிக்கிழமை வண்டி ஓட்டாத டிரைவரை எந்த முகாமும் வைத்துக்கொள்ளாது. நாசர் சித்தப்பா மகன் என்பதால் ஒரு மாதம் பொறுப்பான். ஹமூத்துக்கு அதெல்லாம் தெரியும். இருந்தும், ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது.

"வர்றேன்."

"நாளைக்கு அண்ணன் வர வேணாம்னு சொல்லிடறேன். நீயே கொண்டு வந்து விடு. நாலரை மணி நேரம். வழியெல்லாம் ஏதாவது பேசணும்."

"என்ன பேச?"

"எதையாவது. டயரைப் பத்திப் பேசு." கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். "ஆறிப்போச்சு. குடி."

குடித்தான். மர்ஹூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் கேட்காமலே யென்ஸின் கோப்பையை மறுபடி நிரப்பினார். யென்ஸ் பதறிப்போய் வேகவேகமாக ஆட்டியதில் காபி பாதி மர்ஹூனின் அங்கியில் தெறித்தது.

சூரியன் விழுவதை வந்தவர்களுக்குக் காட்டக் கடைசி மேட்டுக்குப் போக வேண்டும். ரய்யா செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியருகில் வந்து நின்றாள். "நானும் வர்றேன். மூணு மாசமா இந்த வாசலைத் தாண்டல." யென்ஸ் முன் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போனார். நிம்மதியாகத்தான் போனார்.

ஹமூத் மெதுவாக ஏற்றினான்.

"முட்டைக் கூடையா ஏத்திட்டுப் போறே?" என்றாள் ரய்யா. "அழுத்து."

அழுத்தினான். இன்ஜின் உறுமியது. மணல் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. பின்னால் ப்ரிட்டா கத்த ஆரம்பித்தாள். அந்த இரைச்சலுக்குள் ரய்யா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"இன்னிக்கு அவளுக்கு மூணு மாசம்."

"தெரியும்."

"பேரைச் சொல்லு. ஒருத்தரும் சொல்றதில்ல."

ஏழாம் நாள் வைத்த பேர். நான்கு நாள் கூப்பிட்ட பேர். அவன் வாய் திறந்தான். "வதீமா."

"கேக்கல."

"வதீமா!"

"யாரு வதீமா?" என்று பின்னாலிருந்து ப்ரிட்டா கேட்டாள்.

ரய்யா திரும்பி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "எங்க பொண்ணு. பதினொரு நாள் இருந்தா."

ப்ரிட்டா கத்துவதை நிறுத்தினாள். முன்னால் சாய்ந்து ரய்யாவின் தோளில் கையை வைத்தாள். அந்தக் கையை ரய்யா தள்ளவில்லை. ஹமூத்துக்கு அழுகை வரவில்லை. முகடு நெருங்கியது. அவன் கியரைக் குறைத்து, அடுத்த பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.