டிக்கெட் எடுத்தவர்கள்

சங்ககிரி ரோட்டில் கடலைக்காடாக இருந்த இடத்தை 'ராயல் அவென்யூ' என்று பெயர் வைத்து விற்றபோது, சேலம் ஐந்து ரோட்டிலிருந்து பதினைந்தே நிமிடம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். எதில் போனால் என்று போடவில்லை. என் வீட்டுக்காரர் பயாஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காரில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார்.

அதுவரை அம்மாபேட்டை வாடகை வீட்டிலிருந்து நான் வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. சாவி என்னிடம்தான் இருக்கும், நான் போய்த்தான் ஷட்டர் தூக்க வேண்டும். சொந்த வீட்டுக்கு வந்தபின் பயாஸ் என்னைச் சேலத்தில் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிச் சங்ககிரியில் தான் வேலை பார்க்கும் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓட வேண்டும். இரண்டு பேரும் இரண்டு முதலாளியிடமும் திட்டு வாங்கினோம். நான் ஸ்கூட்டி பழகப் போய்க் கையை முறித்துக்கொண்டவள். இனியும் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று என் முதலாளி மரியாதையாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மங்கலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் தெளிவாகப் பார்த்துக்கொண்டு போவது எத்தனை கடையில் நடக்கும்?

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் நந்தகுமார் ரிக் வண்டி முதலாளி. ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர், பிடித்தால் விடமாட்டார். எனக்காகவே பஸ் டெப்போவுக்கு நடையாய் நடந்தார், அதாவது காரில் போனார். கடைசியில் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, டவுன் பஸ் கிடைத்தது. ஒரு மாதத்துக்குச் சோதனை ஓட்டம்.

முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். லாரி பூமியில் புது வண்டியைச் சும்மா அனுப்புவார்களா? பஸ் நகர்ந்ததும் ராயல் அவென்யூ மொத்தமும் பைக்கிலும் காரிலும் ஆரன் அடித்தபடி பின்னாலேயே வந்தது. பஸ்ஸுக்குள் டிரைவர், கண்டக்டர் அறிவழகன், நான். மறுநாளும் அப்படித்தான், ஆரன் மட்டும் இல்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் என்னால் கலெக்‌ஷனில் ஒரு பைசா ஏறாது. இப்படியே போனால் நடையை நிறுத்திவிடுவார்கள் என்று அறிவழகன் சொன்னார். நான் நந்தகுமாரிடம் சொன்னேன். அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குக் கொதித்தார்கள். போராடி வாங்கிய பஸ்ஸை விடக்கூடாது என்றார்கள். அப்படியானால் நாளையிலிருந்து பஸ்ஸில் வாருங்கள் என்றேன். ஒருவருக்கு வழியில் ஒர்க்‌ஷாப் போக வேண்டுமாம். ஒருவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர வேண்டுமாம். யாரையும் குறை சொல்ல முடியாதபடி எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது.

இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும் மொய் மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் ஆண்கள் வரிசையில் நின்று பஸ்ஸில் டிக்கெட் எடுத்தார்கள். எடுத்து, சட்டைப் பையில் வைத்து, பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்கள். அறிவழகன் தயங்கியதற்கு, "ஏனுங்க, டிக்கெட் எடுத்தவன் ஏறித்தான் ஆவோணும்னு சட்டமுங்களா?" என்று நந்தகுமார் கேட்டார். அறிவழகனுக்கும் நடை நிலைக்க வேண்டும், கிழித்துக் கொடுத்தார்.

கலெக்‌ஷன் பிய்த்துக்கொண்டு போனது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நேரத்துக்குப் போய் ஷட்டர் தூக்கினேன். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். என்னைச் சுற்றி இவ்வளவு நல்லவர்களா என்று நினைத்து நெகிழ்ந்தும் போனேன்.

மாதக் கடைசியில், கந்தம்பட்டி தாண்டுவதற்கு முன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். நல்ல வசூல் ஆகிற நடையாம், இன்னொரு பஸ் விடலாமா என்று பார்க்க வந்திருந்தார். காலி சீட்டுகளைப் பார்த்தார். டிக்கெட் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்து, மற்றவர்கள் எங்கேம்மா என்றார்.

நான் ஜன்னலைக் காட்டினேன். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எங்கள் ராயல் அவென்யூ. அவர்கள் வண்டிகளுக்கு நடுவில்தான் பஸ் அசைய முடியாமல் நின்றது. காக்கிச் சட்டையைக் கண்டதும் நந்தகுமார் கார்க் கண்ணாடியை இறக்கி டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றி, பையைத் துழாவி, டிக்கெட்டை உயர்த்தினார்கள். ஒருவர்கூட ஓசிப் பயணம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பஸ்ஸை அங்கேயே ஓரங்கட்டச் சொல்லி அறிவழகனிடம் எழுதி வாங்க ஆரம்பித்தார். நான் இறங்கி, ஆட்டோவுக்கு அலைந்து, கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் பூட்டியிருந்தது. வாசல்படியில் முதலாளியே உட்கார்ந்திருந்தார். அவர் கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன்.

நடை ரத்தாகி, அறிவழகனுக்கு மெமோவும் கொடுத்துவிட்டார்கள். சங்கத்தார் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பயாஸ் எல்லோருக்கும் டீ கொடுத்தார். நந்தகுமாருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அத்தன பேரும் டிக்கெட் எடுத்தமுங்களே. அதுக்கு மேல என்னங்க பண்றது?"

"ஏறியிருக்கலாங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தார்.

"நாங்க எல்லாரும் ஏறிட்டா அப்பறம் உங்களுக்கு உக்கார எடம் கெடச்சிருக்குமுங்களா?"

மனசாரத்தான் சொன்னார். மற்றவர்களும் அதுதானே என்பதுபோலத் தலையாட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.