வெள்ளை உடுத்தினால் குளவி கொட்டாது

விடிந்தும் விடியாததுமாக அம்மா தகரப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை உதறுவதைப் பார்த்ததும் ஷாமிளா பல் துலக்குவதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் கருமாதிக்குக் கட்டிய சேலை அது. அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் ஏதாவது சாவு விழுந்தால்தான் வெளியே வரும்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் தவறல" என்றாள் தங்கம்மா. "இன்னிக்கி அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து. வெள்ள கட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. வெள்ளயக் கண்டா குளவி கொட்டாதாமே. விஞ்ஞானிங்க கண்டுபுடிச்சிருக்காங்களாம்."

வாயிலிருந்த பற்பசை நுரை அப்படியே தொண்டைக்குள் இறங்கியது. அந்த விஞ்ஞானிகளை ஷாமிளாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைத் தமிழ் பேச வைத்ததே அவள்தான்.

பலாங்கொடையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் ஷாமிளா. மிச்ச நேரத்தில் 'நாலு கால் ஆறு கால்' என்று ஒரு வலைப்பூ. விலங்குகள், பூச்சிகளின் நடத்தை பற்றி வெளிநாட்டு ஆய்விதழ்களில் வருவதை லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கிற பாறை மேல் உட்கார்ந்து வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடி மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதுவாள். வாசிப்பதற்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் உண்டு. அவர் காற்புள்ளியைத் தவிர வேறெதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவள் ஏனோதானோவென்று எழுதியதில்லை. 'இருக்கலாம்' என்று ஆய்வாளர் சொன்னால் 'இருக்கலாம்' என்றுதான் எழுதுவாள். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் 'இந்த ஆய்வு சொல்லாதவை' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும்.

போன மாதம் அஞ்சாம் நம்பர் மலையில், மரத்துக் கூட்டுக்குக் கீழே கொழுந்து பறித்த சசியைக் குளவி கொட்டி, முகம் பூசணிக்காயாய் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்து வந்துவிட்டாள், ஆனால் இன்னும் கொழுந்துக்குப் போகவில்லை. அந்த எரிச்சலில்தான் ஷாமிளா குளவிகளும் நிறமும் பற்றிய ஆய்வொன்றைத் தேடிப் பிடித்து எழுதினாள். கூட்டின் முன்னால் கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் தொங்கவிட்டுப் பார்த்த ஆய்வு. கறுப்பில்தான் கொட்டு அதிகம். கட்டுரையின் கடைசிப் பகுதியில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: சோதித்தது துணியை, மனிதரை அல்ல. அது வேறு நாட்டுக் குளவி. கூடு ஆடினால் வெள்ளையும் தப்பவில்லை. ஆகவே கூட்டுக்குக் கிட்டப் போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

போன வாரம் பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் ஹில்மி, தன் முகநூல் செய்திப் பக்கத்தில் அந்தக் கட்டுரையை அப்படியே தூக்கிப் போட்டிருந்தான். அப்படியே என்றால், கடைசிப் பகுதியைக் கத்தரித்துவிட்டு. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு தலைப்பு: 'வெள்ளை உடுத்தினால் குளவி கொட்டாது! விஞ்ஞானிகள் அதிரடி!' ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் பெயர் போடவில்லையே என்பதற்குத்தான். 'என் பெயரைப் போடவும்' என்று செய்தி அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி.

முகம் கழுவினாளோ இல்லையோ, பாடசாலைச் சேலையைச் சுற்றிக்கொண்டு அம்மாவோடு பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். ஆட்களைப் பிரித்து மலைக்கு மலை அனுப்பும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வெள்ளை கட்டியிருந்தது ஐந்தே பேர். ஐந்து பேரும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். தாலி கழுத்தில் இருக்கும்போது வெள்ளை கட்டமாட்டோம் என்று மற்றப் பெண்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்களாம். பிள்ளையின் வெள்ளைப் பாடசாலைச் சட்டையைப் போடலாம் என்றால், பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு போவது? கணக்கப்பிள்ளை அழகமுத்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வெள்ளை இருப்பவர்கள் அஞ்சாம் நம்பர், இல்லாதவர்கள் இரண்டாம் நம்பர் என்று முடித்துவிட்டார். விதவைகளைப் பொறுக்கியெடுத்துக் கூட்டுக்கடியில் அனுப்புகிறோம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அந்த ஐந்து பேருக்கும் தோன்றவில்லை. ஷாமிளா அழகமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அந்த மலைக்கு யாரையும் அனுப்பாதீங்க. முதல்ல கூட்ட எடுக்கச் சொல்லுங்க."

"எழுதிப் போட்டு எத்தன நாளாச்சி. ஆள் வரணும்ல?" என்றார் அழகமுத்து. "அதுக்குள்ள கொழுந்து முத்திப் போவும், தொரை என்னயத்தான் கேப்பாரு. இந்தா பாருங்க டீச்சர், விஞ்ஞானியே சொல்லியிருக்கான்." போனை நீட்டினார். அதே சிவப்பு எழுத்து.

"அத எழுதினதே நான்தான் மாமா!"

அழகமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல ஒங்க பேரு இல்லயே."

தன் போனைத் திறந்து கடைசிப் பகுதியை உரக்க வாசித்தாள். மரத்தில் தொங்குவது குளவியே அல்ல, சிங்களத்தில் பம்பரா என்கிற மலைத்தேனீ, அந்த ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கூடவே கத்திச் சொன்னாள். தோட்டத்தில் கொட்டுவதெல்லாம் குளவிதான் என்பதால் அது யார் காதிலும் ஏறவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு கூடையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் அழகமுத்து, மனம் நோகக்கூடாது என்பதுபோல. "ஆனா நீளமாவுல்ல இருக்கு. அவன் பாருங்க, ஒரே வரில சொல்லிட்டான்."

ஷாமிளா களத்தின் ஓரத்துக்குப் போய் ஹில்மியைக் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான்.

"அந்தப் போஸ்ட்ட உடனே எடுங்க தம்பி. ஆளுங்க உசுருல வெளயாடுறீங்க."

"டீச்சர், அது நல்லா ஓடிக்கிட்டீக்கி. எடுக்கச் சொன்னா எப்படி?"

"அப்ப நான் எழுதினத முழுசாப் போடுங்க. நான் எழுதினத வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க!"

"சரி சரி, வெளங்கிச்சி டீச்சர். கோவிக்க வாணாம். இப்பவே சரி செஞ்சி தாரேன்."

அவன் சொன்ன சொல் தவறவில்லை. ஐந்து பெண்களும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிப் புறப்படுவதற்குள் அழகமுத்துவின் போன் சிணுங்கியது. பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நெசந்தான் போலயே! இந்தா, டீச்சர் படமே வந்திருச்சி!"

தலைப்பு அப்படியே இருந்தது. கட்டுரை வெட்டியது வெட்டியபடியே இருந்தது. கீழே மட்டும் புதிதாக, பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று யாரோ எடுத்த அவளுடைய படம். அதனடியில், 'எழுதியவர்: நம் மலையின் மகள், ஆசிரியை ஷாமிளா.' போன வாரம் அவள் கேட்டது அதுதான். இன்று வெட்டிவிட்டாய் என்று அவள் கத்தியதும் பெயரைத்தான் என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான். போன் கைக்குக் கை மாறியது. சற்று முன்வரை கூடைக்கயிற்றை நெருடிக்கொண்டு தயங்கி நின்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். எங்கோ இருக்கிற விஞ்ஞானி சொன்னால் பாதி நம்பலாம். கண் முன்னால் வளர்ந்த பிள்ளை எழுதியிருந்தால் முழுசாக நம்பலாமே.

"பொய்! அது பொய்!" என்றாள் ஷாமிளா. தன் படத்தைக் காட்டியே பொய் என்று கத்துகிறவளை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போகாதம்மா. ஒரு நாள் பேரு விழலன்னா, சம்பளம் போனாப் போவுது."

தங்கம்மா கையை விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை. ஷாமிளாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "என்ன புள்ள பேசுற? இத்தன பேரு முன்னால ஒம் பேரு வந்திருக்கு. நானே போகலன்னா, மக எழுதினத ஆத்தாளே நம்பலன்னு பேசமாட்டாங்களா?"

எந்த ஆய்விதழிலும் அதற்குப் பதில் இல்லை. ஐந்து வெள்ளைச் சேலைகளும் சாவு வீட்டுக்குப் போவதுபோல வரிசையாக ஒற்றையடிப் பாதையில் ஏறின. பாடசாலை பஸ் கீழே ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஷாமிளா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். முட்டாள் ஹில்மி, முட்டாள் அழகமுத்து என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே ஏறினாள். பெயர் கேட்ட தன்னையும் விடவில்லை.

திருப்பத்தில் நிமிர்ந்தபோது வாகை மரம் தெரிந்தது. உயரமான கிளையில் கறுத்த அடை தொங்கியது. அம்மா மேல் நிரையில், மரத்துக்கு நேர் கீழே, கொழுந்தில் கை வைத்துவிட்டாள். ஷாமிளா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடையின் மேலிருந்து கீழாக ஒரு அலை ஓடியது. ஆயிரம் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றை நிமிர்த்திக் காட்டும் அலை. கிட்ட வராதே என்கிற முதல் எச்சரிக்கை. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதை யாரும் திருடவில்லை.

இனிச் சத்தம் போடக்கூடாது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவள் வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் கீழே வா, கீழே வா என்று சைகை காட்டினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளைக் கண்டதும், மகள் கட்டியிருந்த கருநீலச் சேலையைக் கண்டதும், பதறிப்போனாள்.

"அடியே, வராத!" மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "நீ கறுப்பு கட்டியிருக்கடி! கிட்ட வராத!"

ஷாமிளா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவ்வளவு தூரத்துக்கு அது தெரிந்திருக்காது. தங்கம்மா வெள்ளை முந்தானையை அவிழ்த்துத் தலைக்கு மேலே வீசி வீசி மகளைத் துரத்தினாள். அடையின் மேல் மறுபடி அலை ஓடியது.