இழுத்த நாணை இறக்குவது

கொலீன் ஹார்ஜு பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். போன குளிர்காலத்தில் பேருந்துப் படியில் உறைந்திருந்த பனி வழுக்கி விழுந்ததில் வலது தோளின் தசைநார் கிழிந்து, பக்கத்து நகரத்து மருத்துவமனையில் அறுத்துத் தைத்தார்கள். தோள் மெதுவாகத் தேறிவந்தது. அவள் கணவன் டுவேன்தான் தேறவில்லை. ஜாடி மூடியைத் திறக்க விடமாட்டான். சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு ஒரு விறகுக் கட்டையைத் தூக்கினால் போதும், முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவான். கடைக்குப் போனால் பால் டப்பாவைக்கூட அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். ஐம்பத்திரண்டு வயதில் தன்னை யாரோ கண்ணாடிச் சாமான் போல அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டதாக அவளுக்கு இருந்தது.

வருசா வருசம் வில்லோடு மான் வேட்டைக்குப் போவது அவள் வழக்கம். இனி வில் பிடிக்கலாம், பார்த்துப் பிடி என்று மருத்துவர் சொன்ன வாரமே அவள் ட்ராயின் வில் கடைக்குக் கிளம்பினாள். பழைய வில் இனி அவளுக்குக் கனம். டுவேனும் கூடவே வந்தான். அவன் துப்பாக்கிக்காரன், வில்லைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வந்தான்.

ட்ராய் இரண்டு வில்லை மேசைமேல் வைத்தான். நாற்பதைத் தொட்டவன், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

"அக்கா, இதப் பாருங்க. இதுல கேம், அதான் நாண் சுத்தற முட்டச் சக்கரம், கீழ ஒண்ணுதான். மேல இருக்கறது சும்மா உருண்டச் சக்கரம். இழுத்தா வெண்ணெ மாதிரி வரும். வேகம்தான் கொஞ்சம் கம்மி. இது இருக்கே, மேலயும் கீழயும் ரெண்டு கேம். ரெண்டயும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு வச்சிருக்கான். ஒண்ணு திரும்புனா இன்னொண்ணு திரும்பியே ஆகணும். அம்பு போறதே கண்ணுல படாது. ஆனா முரட்டுப் பய."

கொலீன் முதலில் ஒற்றைக் கேம் வில்லை இழுத்தாள். கனம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. கடைசியில் நாண் வந்து நின்ற இடம் மெத்தையில் கை வைத்தாற்போல நெகிழ்ந்துகொடுத்தது. பிறகு இரட்டைக் கேமை எடுத்தாள். முட்டை வடிவச் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் புரள, எடுத்த எடுப்பிலேயே முழுக் கனமும் கையில் வந்து உட்கார்ந்தது, கடைசிவரை குறையவில்லை, பிறகு மேட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தில் விழுந்தாற்போலச் சட்டென்று லேசாகி, கல்சுவரில் முட்டியதுபோல நின்றது. அந்தச் சுவர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பின்கட்டில் எய்து பார்த்தாள். மூன்று அம்பும் ஒரு கைக்குள் அடங்கும் இடத்தில் போய்க் குத்தின.

"அந்த ஒத்தக் கேமே போதும்," என்றான் டுவேன்.

"எய்யப்போறது நீயா?"

"தோளு ஒடம்புல இருக்கணும்ல?"

ட்ராய் குறுக்கே வந்தான். "சண்ட எதுக்கு? இதோ, ஒவ்வொரு கேமுக்குள்ளயும் ஒரு சின்ன வட்டு இருக்கு பாருங்க. ஒரு பக்கம் போட்டா சாது, திருப்பிப் போட்டா முரடு. சாதுப் பக்கம் போட்டுத் தர்றேன். சரியாண்ணே?"

டுவேன் அரை மனதாகத் தலையாட்டிவிட்டு, நாய்க்கு வாங்கிய தீனி மூட்டையை வண்டியில் ஏற்றப் போனான். கதவு மூடியதும் கொலீன் குனிந்தாள்.

"ட்ராய், ரெண்டு வட்டையும் திருப்பிப் போடு."

"அக்கா, அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"தோளு யாரோடது?"

அவன் திருகு சாவியை எடுத்தான். திருகிக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முரட்டுப் பக்கத்துல, கடைசில கனம் லேசாகுதே, அந்தப் பள்ளம் ரொம்பக் குறுகல். முழுசா இழுத்தப்புறம் ஒரு விரக்கட அசந்தாலும் கையப் பிடுங்கிட்டு முன்னால ஓடிரும். எய்யறதுல தொந்தரவு இல்ல. எய்யாம இறக்கறதுலதான் தொந்தரவு."

"நான் இழுத்தா எய்துருவேன்."

வீட்டில் தினமும் வைக்கோல் பொதிமேல் பழகினாள். ஒரு நாள் மாலை நாணை முழுசாக இழுத்து நின்றபோது நாய் குறுக்கே ஓடி வந்தது. எய்ய முடியாது. நாணை மெதுவாகத்தான் விட்டாள். பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் வில் அவள் கையை ஒரே வெட்டாக முன்னே இழுத்தது. தோளுக்குள் சூடாக ஏதோ ஓடி, கண் இருட்டியது. அன்றிரவு தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, உறைந்த பட்டாணிப் பையைப் போர்வைக்குள் தோளில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. பேருந்து ஓட்டும்போதும் தோள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல அதன்மேலேயே நினைப்பு. வட்டைத் திருப்ப ஒரு திருகு சாவியும் கொஞ்ச நேரமும் போதும். சாவியைக் கையில் எடுத்துவிட்டு, திருப்பினால் டுவேன் சொன்னது சரியென்று ஆகிவிடுமே என்று திரும்ப வைத்துவிடுவாள். இப்படியே அக்டோபர் வந்து வில் வேட்டையும் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் இருவரும் பழைய ஆப்பிள் தோப்பின் ஓரத்தில், மறைவுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தில் ஏறக்கூடாது, தனியாகப் போகக்கூடாது என்பது டுவேனின் கட்டளை. அவன் பின்னால் மடக்கு நாற்காலியில் துணைக்கு. வெயில் மேப்பிள் இலைகளில் சிவந்து கிடந்தது. காற்று அவர்கள் முகத்துக்கு நேரே வந்தது, நல்ல காற்று.

சூரியன் சாயத் தொடங்கியபோது ஆண்மான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. உதிர்ந்த ஆப்பிளை முகர்ந்தபடி வந்தது. அதன் தலை தேவதாரு மரத்துக்குப் பின்னால் மறைந்த நொடியில் கொலீன் நாணை இழுத்தாள். மேடு, பள்ளம், சுவர். மான் மரத்தைத் தாண்டி இன்னும் இரண்டடி எடுத்துவைத்தால் போதும்.

அது எடுத்துவைக்கவில்லை. தலை இந்தப் பக்கம், பின்தொடை அந்தப் பக்கம். நெஞ்சு முழுக்க அந்த மரத்துக்குப் பின்னால். நின்று மென்றுகொண்டிருந்தது.

கொலீன் காத்திருந்தாள். கையில் இருந்தது கொஞ்சக் கனம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை அப்படியே சுவரோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அம்பு முனை கூடாரச் சன்னலில் சின்னச் சின்ன வட்டம் போட்டது.

"எய்யி," என்று பின்னாலிருந்து மூச்சாக வந்தது.

"நெஞ்சு தெரியல."

"அப்ப இறக்கு. மறுபடி இழுத்துக்கலாம்."

வயிற்றுப் பக்கம் தெரிகிறது. அங்கே அம்பு பட்டால் மான் ராத்திரியெல்லாம் குடல் வலியோடு சதுப்பில் கிடந்து சாகும். அதை அவள் செய்யமாட்டாள். மண்ணில் எய்துவிடலாம் என்றால், சன்னல் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வில்லைத் தாழ்த்தினால் அம்பு கூடாரக் கம்பிக்கு நேராக வரும். உள்ளுக்குள்ளேயே என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

"கொலீன், இறக்கும்மா. கை ஆடுது."

"முடியாது."

"என்ன முடியாது? ட்ராய்தான் சாதுவா வச்சுக் குடுத்தானே."

"இல்ல. திருப்பிப் போடச் சொல்லிட்டேன். விட்டா தோளு போயிரும், டுவேன்."

திட்டப்போகிறான் என்று நினைத்தாள். நாற்காலித் துணி மெல்லச் சரசரத்தது. அவன் மண்டியிட்டு வருவது முதுகில் தெரிந்தது. அவன் மூச்சு காதில் பட்டது.

"மொதல்ல விரல விசையிலேர்ந்து பின்னால எடு."

"எடுத்துட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமாய்யா. சீக்கிரம்."

மரம் வெட்டிக் காய்த்த அவன் இரண்டு கைகளும் அவள் முஷ்டியைச் சுற்றி மூடிக்கொண்டன. மணிக்கட்டுப் பட்டையிலிருந்து நீண்ட விசைக் கொக்கி நாணைக் கவ்வியிருந்தது. அந்த விசைமேல் அவன் கட்டைவிரல் பட்டாலே அம்பு பறந்துவிடும். அவன் நெஞ்சு அவள் முதுகில் அடித்துக்கொண்டது. தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"எங்கிட்ட குடு. முழுசாக் குடு. நீ இழுக்காத."

"விட்ரமாட்டியே?"

"செத்தாலும் விடமாட்டேன். வா."

நாண் விளிம்பைத் தாண்டியது. வில் முரட்டுத்தனமாக முன்னால் பிடுங்கியது. டுவேனின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பி அடங்கியது. அங்குலம் அங்குலமாக நான்கு கைகளும் முன்னே போயின. அவள் தோள் இழுபட்டது, சுருக்கென்றது, இன்னும் இழுபட்டது. நாண் தன் இடத்தில் போய் நின்றபோது அம்பு சரிந்து வில்லில் 'டிக்' என்று தட்டியது.

மான் தலையைத் தூக்கி நேராகக் கூடாரத்தைப் பார்த்தது. ஒரு சீறல். வெள்ளை வால் மட்டும் தோப்புக்குள் குதித்துக் குதித்து மறைந்தது.

டுவேன் முஷ்டியை விடவில்லை. "தோளு?" என்றான்.

"தெரியல."

ஞாயிறு முழுக்க அவளுக்கு அதே வேலைதான். கையை மெல்லத் தூக்கிப் பார்ப்பாள். தோள் உயரம் வந்ததும் வலிக்கும். மறுபடி கிழிந்திருந்தால் மறுபடி கத்தி, மறுபடி கட்டு, பேருந்து வேலையும் போய்விடும். டுவேன் பனிக்கட்டிப் பையை மாற்றி மாற்றி வைத்தான். திட்டியிருந்தால் தேவலை போல் இருந்தது.

திங்கட்கிழமை மருத்துவர் கையை மடக்கி, நீட்டி, அழுத்தி, திருகிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும்வரை கொலீன் சுவரில் இருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரியவில்லை, தசை பிசகியிருக்கிறது, ஒரு மாதம் ஓய்வு என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில்தான் டுவேன் வெடித்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? ஜாடி மூடி மாதிரி வில்லையும் நீயே இழுத்துக் குடுப்பே. ஒரு வருசமா நான் என்ன பொணமா, பொம்பளையா? மூச்சு முட்டுதுய்யா எனக்கு."

அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "பனியில விழுந்தன்னிக்கு ஒன்னத் தூக்குனது நான். நீ கத்துனியே, அது இன்னும் காத விட்டுப் போகல. நீ எதத் தூக்குனாலும் அது கேக்குது. நான் என்ன செய்ய?"

அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடு, நான் ஓட்டறேன்," என்றாள். "கை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தான்.

நவம்பர் தொடக்கத்தில் மருத்துவர் சரி என்றதும் ட்ராயின் கடைக்குப் போனார்கள். ஒற்றைக் கேம் வில்லை மறுபடி இழுத்துப் பார்த்தாள். அந்த மெத்தைச் சுவர் அப்போதும் பிடிக்கவில்லை. தன் வில்லையே மேசையில் கிடத்தி, வட்டு இரண்டையும் தன் கையாலேயே சாதுப் பக்கம் திருப்பினாள். இழுக்கும் கனத்தையும் ஐந்து பவுண்டு குறைக்கச் சொன்னாள்.

"வேகம் கொறையும்க்கா," என்றான் ட்ராய்.

"கொறையட்டும்."

பின்கட்டில் போய் நின்று அம்பைப் பொருத்தி முழுக்க இழுத்தாள். எய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை இறக்கினாள். பள்ளம் அகலமாக இருந்தது. கை தடுக்காமல் வந்தது. தோளில் ஒன்றும் சுருக்கென்று குத்தவில்லை. மறுபடி இழுத்தாள், மறுபடி இறக்கினாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த டுவேன், இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தான். எழுந்து வரவில்லை. நெற்றியில் மட்டும் வியர்த்திருந்தது.

"போதும்ல?" என்றான் கடைசியில்.

"இன்னும் ரெண்டு தடவ," என்று சொல்லி, அவள் அடுத்த அம்பை எடுத்தாள்.