அழுகை நாடகத்துக்குச் சிரிப்பு விற்றவர்

கதிரவன் மேற்கே சாய, கடைத்தெருவின் கூரைகளெல்லாம் செம்பொன் பூசிக்கொள்ள, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த நாடக அரங்கின் கதவுகள் துருவை உதிர்த்துத் திறந்து நின்ற அந்த மாலைப்பொழுதில், தெருவே திரண்டு வந்து வாயிலில் முட்டி மோதியது. அக்கூட்டத்தைச் சேர்த்த பெருமை முழுதும் எதிர்ச்சாரியில் முடிதிருத்தகம் நடத்திய மனிதரையே சாரும். கழுத்தில் துணி கட்டி, முகமெல்லாம் நுரை பூசிக் கத்திக்குக் கீழே அமர்ந்திருப்பவர் எழுந்தோடவும் இயலாது, மறுத்துரைக்கவும் இயலாது என்னும் தொழில் நுணுக்கம் அறிந்த அவர், வந்தவர் காதிலெல்லாம் நாடகத்தின் புகழை ஓதிக்கொண்டே இருந்தார்.

ஓதியதில் ஒரு பொய் இருந்தது, அன்பரே. மகனைப் பறிகொடுத்த தாயின் துயரக் கதை அந்த நாடகம். முதல்நாள் அரங்கு நிறையாவிட்டால் மறுநாளே பூட்டிவிடுவதாக உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாயாக நடிப்பவளோ முடிதிருத்துபவரின் உடன்பிறந்த தங்கை. பகலெல்லாம் தையற்பொறியை மிதித்துவிட்டு, மாலையெல்லாம் ஒத்திகையில் உருகியவள். அழுவதற்கு எவர் காசு கொடுத்து வருவார் என்று அஞ்சிய அண்ணன், "வயிறு வலிக்கச் சிரிக்கலாம், குடும்பத்தோட வந்துடுங்க" என்று வாய் கூசாமல் சொல்லித் தொலைத்தார்.

வந்தவர்கள் சிரிக்கவே வந்தனர். கதவு கிறீச்சிட்டதற்குச் சிரித்தனர். விளக்கு மங்கியதற்கும் சிரித்தனர். இறந்த மகனின் சட்டையை முகத்தில் புதைத்துத் தாய் கதறியபோது, அரங்கமே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "நீ சொன்ன மாதிரியே இருக்குய்யா" என்று பின்னால் நின்ற முடிதிருத்துபவரைப் பாராட்டவும் செய்தார். மேடையில் அவள் ஒரு கணம் திகைத்து, பின் ஒரு சொல்லும் விடாமல் நடித்து முடித்தாள். நிலம் பிளந்து தம்மை விழுங்கிவிடாதா என்று அண்ணன் ஏங்கினார்.

ஒப்பனை அறைக்குள் அவர் நுழையும் முன்பே அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணா, உன் மானத்தை வாங்கிட்டேன். தெரு முழுக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்தே. எனக்கு நடிக்கவே வரல. நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடு."

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தார்.

"உன் மேல தப்பில்லம்மா. சிரிப்பு நாடகம்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அப்ப, அவங்க நான் நடிச்சதைப் பார்த்துச் சிரிக்கலையா?"

அவள் முகத்தில் பரவிய ஆறுதலைக் காணப் பொறாமல் அவர் சுவரைப் பார்த்து நின்றார். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால்கூட அவர் மனம் சற்றே ஆறியிருக்கும்.

நிறைந்த அரங்கைக் கண்டு மகிழ்ந்த உரிமையாளர் ஒரு மாதம் நாடகம் நடக்கட்டும் என்றார். மறுநாள் முடிதிருத்துபவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும், "நான் சொன்னது பொய்ங்க. அது அழ வைக்கிற நாடகம். என் தங்கச்சிதான் நடிக்கிறா. அவசியம் வந்து பாருங்க" என்றார். இதுவும் ஒரு வேடிக்கை என்று சிலர் நகைத்தனர். சிலர் பேசாமல் போயினர்.

அன்று மாலை பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. சட்டையை அணைத்து அவள் விம்மியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்றுப் பாராட்டியவரே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற அண்ணன் தலை கவிழ்ந்தார். ஊரார் அழ வரமாட்டார் என்று அஞ்சியதாகத்தான் அதுவரை தமக்கே சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையால் அழவைக்க இயலும் என்று தாம் ஒருபோதும் நம்பியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டவருக்கு, இதை ஒப்புக்கொள்ள வாழ்நாள் முழுதும் நாவெழவில்லை.