மாஸ்டர் கையும் பூனையின் நரம்பும்

பேக்கரி மாஸ்டர் சூடான தட்டைத் தொட்டால், நான்கு தெரு தள்ளி அவர் வீட்டில் பூனை கத்தும். நாற்பத்தெட்டாவது வயதில் அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போன வாரத்திலிருந்து இது நடந்துவந்தது. மரத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாவு பதமாகிவிட்டதா என்பதை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்கிறவர்; விரல் போய்விட்டது என்றால் மாஸ்டர் என்ற பேரும் போய்விடும். அதனால் வழக்கம்போல அழுத்தினார், வழக்கம்போலத் தலையாட்டினார். ரொட்டி சில நாள் கல்லாக வந்தது. வெயில் காலம் என்று முதலாளி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒரு மாலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவர் அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை பிடித்தபடியே காத்திருந்தாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்காகக் கையை இழுத்துக்கொண்டார். பூனை அப்போது வீட்டில் இல்லை. அதன் பிறகு ஒரு வருடம் அவள் அந்தக் கையைத் தொடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

பூனை கத்தும் நேரங்களை மட்டும் அவள் காலண்டரில் குறித்துவந்தாள்.

"பதினோரு மணிக்குக் கையில என்ன பண்ணிக்கிட்டீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"பூனை வேற மாதிரி சொல்லுச்சு."

அவரையும் கூடையில் பூனையையும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் மாஸ்டரின் கட்டைவிரலில் ஊசியால் குத்தினார். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் பூனை முன்னங்காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மூன்று முறை குத்திப் பார்த்தபின் டாக்டர் கை கழுவினார். "நரம்பு ஒழுங்காத்தான் சேதி அனுப்புது. போய்ச் சேர்ற வீடுதான் மாறிடுச்சு. பூனைக்கு மீசையிலயே ஒரு உலகம் இருக்கு, உங்க கை ஒண்ணும் பெரிய சுமையில்ல." சத்து மாத்திரை எழுதினார். அவருக்கு ஒன்று, பூனைக்கு அரை.

இருபத்திரண்டு வருடம் அடுப்பருகே நின்றும் தன் தோலைப் பற்றிக் கவலைப்படாத மனிதர், மறுநாளே சூடான தட்டு எடுக்கத் தடித்த கையுறை வாங்கினார். மாவு பிசையும் வேளைக்குப் பூனைக் கூடையும் கடைக்கு வந்தது. அவர் வெறும் விரலால் அழுத்தும்போது பதம் வந்திருந்தால் பூனையின் மீசை முன்னால் நீளும். ரொட்டி பழையபடி பஞ்சானது. "இனி யாரை மாஸ்டர்னு கூப்பிடறது?" என்று முதலாளி முனகினார், ஆனால் கூடைக்கு மேசைக்கருகே இடம் ஒதுக்கினார்.

ஒரு மாலை பூனை அடுக்களையில் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பேப்பர் படிச்சப்போ உங்க கையைப் பிடிச்சேன்."

"தெரியாதும்மா," என்றார் அவர்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை அங்கே இருப்பதை அவர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அடுக்களையில் பூனை, கண் திறக்காமலே, குர்ரென்று ஆரம்பித்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

அன்றிலிருந்து மாலை வேளைகளில் அந்த வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்துவதில்லை.