தின்னர் சோதனை

பெயிண்ட் மேஸ்திரியிடம் ஒரு பொருளை விற்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். அன்று காலை ரப்பர் கையுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து, விரல் நுனியில் கசிகிறதா என்று பார்த்த பிறகே எடுத்துவைத்தார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்தது மாஸ்க். மெல்லியது தூசிக்கு, இரு பக்கமும் டப்பா வைத்ததுதான் பெயிண்ட் ஆவிக்கு என்றார் கடைக்காரர். விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று மேஸ்திரிக்குத் தோன்றிவிட்டது. இருபது வருஷப் பழக்கப்படி பெயிண்டில் கலக்கும் தின்னர் டின் ஒன்றைத் திறக்கச் சொன்னார். மெல்லிய மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டின்மேல் குனிந்து மூச்சை இழுத்தார். துளி வாசம் இல்லை.

"யாருகிட்ட கதை விடுறீங்க? இதுவே நல்லா அடைக்குதே."

கடைக்காரர் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே வெறித்துப் பார்த்தார். ஜெயித்த மிதப்பில் மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை. மெல்லியதில் இரண்டு வாங்கிக்கொண்டார்.

வேலை ஒரு அடுக்குமாடியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில். மனைவியின் தம்பி உள்ளே இறங்கிச் சுவருக்குப் பூச்சு அடித்தான். மேஸ்திரி மேலே நின்று பெயிண்டில் தின்னர் கலந்து கொடுத்தார். அக்கா கெஞ்சியதற்காக அவன் இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். மாட்டைக் கட்டிய மாதிரி இருக்கிறது என்று காலையிலிருந்து அவன் ஒரே கிண்டல். ரோலரைத் தோய்க்கும்போதெல்லாம் வாளி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவது அவன் வழக்கம். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மேஸ்திரி வேலை நடப்பதைத் தெரிந்துகொள்வார்.

மதியம் முதல் மாடி அம்மா கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு இறங்கி வந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை, தலை சுற்றுகிறது என்றார்.

"இங்கயே நிக்கறீங்களே, உங்களுக்கு நெடி அடிக்கலையா?"

எந்த நெடி என்று கேட்க வாயெடுத்த மேஸ்திரி நின்றுவிட்டார். அவருடைய மாஸ்க் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்திருந்த தின்னர் டின்னை எடுத்து மூக்கருகே வைத்தார். தண்ணீரை முகர்ந்தது போலிருந்தது. இன்னும் ஆழமாக இழுத்தார். கண் எரிந்து நீர் கொட்டியது. வாசம் மட்டும் வரவில்லை. போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்தபோது, மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள் என்று மனைவி கேட்டாள். அன்று சிரித்துவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. வாளியில் தட்டும் சத்தம் கேட்டு வெகுநேரமாகிவிட்டது.

"மாப்ள" என்று தொட்டிக்குள் கூப்பிட்டார். அவர் குரல்தான் திரும்பி வந்தது. ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டார். கழுத்து மாஸ்க் தாடையில் உரசியது. உள்ளே கிடப்பவன் முகத்திலும் இதேதான். தானும் விழுந்தால் கயிற்றை இழுக்க ஆளில்லை.

காலை எடுத்தார். பெயிண்டில் வழுக்கிய கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிற்றை வெறுங்கையில் சுற்றி இழுத்தார். காவலாளி ஓடிவந்து பின்னால் பிடித்தார். கனம் அசையவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு கயிறு ஒரு முழம் வந்தது, இன்னொரு முழம் வந்தது.

மேலே வந்தவன் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் முகத்திலிருந்த மாஸ்க்கைப் பிய்த்தெடுத்தார். அந்த அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவன் ஒருதரம் இருமும்வரை மேஸ்திரிக்கும் மூச்சு வரவில்லை.

"நெடி அடிச்சதும் மேல வர வேண்டியதுதானே மாப்ள?"

"இறங்கினதுமே அடிச்சுது மாமா." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நீங்க மோந்து பாத்து வாங்கினதாச்சே. என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."