மாட்டிடம் பேசிய பேரம்

சொர்ணவல்லிக்கும் சிவரஞ்சனிக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் சோறாக்கித் தின்ற ஓரகத்திகள்தான். பாகம் பிரித்த அன்று வெள்ளாமை போட்டுவைக்கிற கொட்டகை இளையவன் பங்குக்குப் போயிற்று. அந்த நிமிஷமே மூத்தவள் சொர்ணவல்லி பேச்சை முறித்துக்கொண்டாள். அதற்காக அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிவரஞ்சனிக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் தன் செவலை மாட்டிடம் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிவரஞ்சனி தன் மயிலை மாட்டிடம் பதில் சொன்னாள். இலுப்பூர்ப் பக்கம் சாடை பேச ஒரு மாடோ கோழியோ இருந்தால் போதும், சண்டை ஆயுசுக்கும் ஓடும்.

மூத்தவன் குணசேகரன் கத்தாரில் இருந்தான், இளையவன் அரவிந்த்குமார் திருப்பூரில். அண்ணனும் தம்பியும் போனில் சிரித்துச் சிரித்துத்தான் பேசிக்கொண்டார்கள். வயலும் மாடும் வெயிலும் சண்டையும் பெண்டாட்டிகளுக்கு.

அந்தச் சித்திரையில் இரண்டு பேர் வயலிலும் கடலை முற்றி நின்றது. பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு வயலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலமானால் அன்னவாசல் பக்கம் மேகம் கறுத்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், முற்றின காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். "இந்தத் தடவையும் வெள்ளாமை வீணாப் போச்சுன்னா தைலமரத்தை நட்டுட்டு வீட்ல கெட" என்று குணசேகரன் போனில் சொல்லியிருந்தான். அந்தச் செம்மண்ணைத் தவிர தன்னுடையது என்று சொல்லச் சொர்ணவல்லிக்கு வேறொன்றும் கிடையாது. தைலமரத்தை நட்டால் அதுவும் போயிற்று.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஏ மயிலை, ரெண்டு வீட்டு மாட்டையும் நான் பாத்துக்கிறேன், ரெண்டு வீட்டுச் சோத்தையும் நானே ஆக்கிர்றேன். ரெண்டு வயக் கடலையையும் அவங்க புடுங்கட்டும். மழைக்கு முன்னாடி ரெண்டும் வீடு வந்து சேந்துரும்."

சொர்ணவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. "கேட்டியாடி செவல? நெழல்ல நின்னு கரண்டி புடிக்கிறவ ஒருத்தி, வெயில்ல வேகுறவ ஒருத்தியாம். நான் என்ன அவ வயலுக்குக் கூலிக்காரியா? ஒழுங்காப் பால் கறக்கத் தெரியுமா, ஒரு கொழம்பு வைக்கத் தெரியுமா? எதுல என்னைய மிஞ்சிட்டான்னு இவகூட நான் சேரணும்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் இரண்டு மாடு கறக்கும் நேரத்தில் சிவரஞ்சனி ஒன்றைக் கறப்பாள். அவள் நாலு பாத்தி பிடுங்கும் நேரத்தில் பி.எட். படித்துவிட்டு வந்தவள் ஒரு பாத்தியில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணுலயும் மிஞ்சல மயிலை," என்றாள் சிவரஞ்சனி, கொஞ்சம்கூடக் கோபப்படாமல். "பால்ல நான் அர ஆளு, வயல்ல கால் ஆளு. கால் ஆளு வயல்ல நின்னு என்ன பிரயோசனம்? அர ஆளா இருக்குற எடத்துல நிக்கிறேன்னுதான் சொல்றேன்."

தோற்றதை இப்படிக் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? சொர்ணவல்லி சாணிக் கூடையை எட்டி உதைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பாலைக் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, தீவனம் வைத்து, சோறாக்கி, வயலில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் திரும்பவும் பாலுக்கு ஓட வேண்டியிருந்தது. பிடுங்கினது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வரப்பில் நின்று மேகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தான் கறக்கிற ஒவ்வொரு மாட்டுக்கும் வயலில் இரண்டு பாத்தி நின்றுபோகிறது. அந்தச் சிறுக்கி மாட்டடியில் உட்கார்ந்தால் அவளுக்குப் போவது ஒரு பாத்திதான். பால் சொட்டுச் சொட்டாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்!

அடுத்த நாள் விடியும்போது செவலையை வேலியோரம் இழுத்துப்போய்க் கட்டினாள். அதுதான் சம்மதம்.

வேலை பறந்தது. மத்தியானம் வேலிக்கம்பில் தூக்குவாளி தொங்கும். சாம்பாரில் உப்பு இருக்காது. "செவல, இந்தச் சாம்பாரை நீ குடிப்பியாடி?" என்று கத்திவிட்டு, அதையே வழித்துத் தின்றுவிட்டு இறங்குவாள். முதலில் தன் வயல்தான், அதில் சந்தேகமென்ன. பிடுங்கின செடிகளை வரப்போரம் போராகக் குவித்தாள். பிறகு சிவரஞ்சனியின் வயலில் இறங்கினாள். பாதி வயல் முடிந்தபோது அவளுக்குள் சனியன் புகுந்தது.

என்னுடையது வெளியே வந்துவிட்டது. இவளுடையது முளைத்தால் எனக்கென்ன? கொட்டகையை விழுங்கினவள்தானே?

"இடுப்பு புடிச்சிருச்சு செவல," என்று வேலியோரம் போய் உரக்கச் சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் காலை நீட்டிப் படுத்தாள். கேடுகெட்ட சந்தோஷம்தான், ஆனால் ருசியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் தூக்குவாளி வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, பளபளவென்று கழுவி வைத்திருந்தது. செவலை கறக்காத மடியோடு கத்திக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேகம் திரண்டு தலைக்கு மேலே நின்றது. போராகக் கிடக்கும் கடலை நனைந்தால் காய் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். அத்தனையையும் போட்டு மூடப் படுதா கிடையாது. கொட்டகைக்குள் தள்ளிவிடலாம், கேட்டால் செவலையிடம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பூட்டையே கண்டிராத கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது.

சிவரஞ்சனி வேலியோரம் மயிலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"கொட்டகைச் சாவிய என் வயல்ல ஒரு செடிக்கு அடியில பொதச்சு வச்சிருக்கேன் மயிலை. எந்தச் செடின்னு மறந்து போச்சு. புடுங்குறவங்களுக்குக் கெடைக்கும்."

"நாசமாப் போவ!" என்று சொர்ணவல்லி அலறினாள். அதையும் செவலையிடம்தான் சொன்னாள்.

பிறகு அவள் பிடுங்கின பிடுங்கு இருக்கிறதே, அதை ஊரே நின்று பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு செடியையும் சிவரஞ்சனியின் கொண்டையாக நினைத்து இழுத்தாள். வேர் வந்த குழிக்குள் விரலை விட்டுத் துழாவினாள், சாவி இல்லை. அடுத்த செடி. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. வாய் ஓயாமல் அவள் பரம்பரையையே திட்டியது. குனிந்த தலை நிமிரவில்லை. கடைசிச் செடியையும் பிடுங்கி, அந்தக் குழியையும் துழாவினபோது முதல் தூறல் முதுகில் விழுந்தது.

சாவி இல்லவே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வரப்போரம் தன் போர் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. வாசலில் சிவரஞ்சனி கடைசிக் கட்டோடு நின்றாள். மூச்சு இரைத்தது, முகமெல்லாம் செம்மண், தோளில் தோல் உரிந்திருந்தது.

"சாவி எங்கடி?" என்றாள் சொர்ணவல்லி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் கேட்ட முதல் வார்த்தை அது.

"இடுப்புல. சாவிய யாராச்சும் வயல்ல பொதைப்பாங்களா?" அவளும் மாட்டைப் பார்க்கவில்லை. "புடுங்க எனக்கு வராது, தூக்க வரும். ஒங்க கடலை உள்ள போயிருச்சு. என்னோடது மழையில கெடக்கு. தூக்குங்க."

சொர்ணவல்லி வீட்டுக்குப் போய்விடலாம். தடுக்க யாருமில்லை. தன் கடலை பத்திரம், தைலமரம் வராது. அதைக் காப்பாற்றியவளோ எதிரில் கையேந்தாமல் நிமிர்ந்து நின்று வேலை ஏவுகிறாள். இத்தனை நாள் கொட்டகைக்காகத்தான் அவளை வெறுத்தாள். அன்றைக்குத்தான் ஆளையே முழு மனசாக வெறுத்தாள்.

வெறுத்துக்கொண்டே குனிந்து முதல் கட்டைத் தூக்கினாள். மழை வலுப்பதற்குள் இரண்டு பேருமாகத் தூக்கி முடித்தார்கள்.

செடியிலிருந்து காய் ஆய்கிற வேலை இன்னும் மலையாகக் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் சொர்ணவல்லி செவலையை வேலியோரம் கொண்டுபோய்க் கட்டினாள்.

"அடியே செவல, இன்னைக்காவது சாம்பாருல உப்பப் போடச் சொல்லு," என்றாள்.